எட்டுப் பேரில் எத்தனை பேர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.2.1997

அன்புத் தங்கத்துக்கு,

ஹாஜரா எழுதுகிறேன். பெருநாள் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. உன் பெரிய உறை பெருநாளுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. லண்டனிலிருந்து வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறாள் என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே நாற்பத்தொரு பக்கம் வெறும் எண்கள். அதிலும் பதினேழாம் பக்கம் இல்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "மூளை ஸ்கேன் எடுத்த எண்கள். அலசுவதற்கு எந்த டிசைன் சரி என்று சீக்கிரம் எழுது."

ஏட்டி, துணியை வெட்டிய பிறகா அளவு கேட்பாய்? எத்தனை நோயாளிகள், ஒவ்வொருவரையும் எத்தனை தடவை படம் எடுத்தீர்கள், என்ன செய்யச் சொல்லி எடுத்தீர்கள், எதைத் தெரிந்துகொள்ள எடுத்தீர்கள், ஒன்றும் எழுதவில்லை. எண்களைப் பார்த்து நீ கேட்க வந்த கேள்வியை நானே கண்டுபிடிக்க வேண்டும் போலிருக்கிறது. உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் டாக்டர் ஆகவில்லை, புள்ளியியல் படித்துவிட்டு ராஜபாளையம் மில்லில் ஒன்பது வருஷமாக நூலைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஞாபகம் இருக்கட்டும். மூளையை நான் கறிக்கடையில் பார்த்ததோடு சரி.

போன கடிதத்தில் இவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பக்கவாதம் வந்து எட்டு மாதம். நடக்கிறார். வலது கை பாதி வருகிறது. பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பதிலுக்கு வாயைத் திறந்தால் "தா, தா" என்று ஒரே சத்தம். ஒரு சேலை வாங்க வந்தவளை மூன்று சேலையோடு அனுப்பிவைத்த பீர் முகமது இவர்தான் என்று சொன்னால் நம்ப மாட்டாய். ஜவுளிக்கடையை இப்போது தம்பி காதர் பார்த்துக்கொள்கிறார்.

மாமி இவரைத் தளவாய்புரத்தில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போகிறார். அவர் நாக்கில் ஏதோ தடவுகிறார். "ஏழு பேருக்குப் பேச்சு வந்துருக்கு" என்றார் மாமி. மொத்தம் எத்தனை பேருக்குத் தடவினார் என்று கேட்டேன். அன்றிலிருந்து மாமி என்னோடு பேசுவதில்லை. வீட்டில் பேசாதவர்கள் இப்போது இரண்டு பேர்.

உன் அம்மாவை மடவார் வளாகத்தில் பார்த்தேன். முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. பெற்றவளுக்கும் நாலு வரி எழுதச் சொன்னார்.

பதினேழாம் பக்கத்தை அனுப்பு.

உன்
ஹாஜரா


லண்டன்
5.3.1997

என் ஹாஜராவுக்கு,

திட்டி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். பதினேழாம் பக்கம் இத்துடன் இருக்கிறது. என் மேஜைக்குக் கீழே விழுந்து கிடந்தது. பல்லைக் கடிக்காதே.

துணியை இன்னும் வெட்டவில்லை, ஒரு ஓரத்தை மட்டும் கத்தரித்திருக்கிறேன். நான் அனுப்பியது முதல் நோயாளியின் எண்கள்தான். மீதி ஏழு பேரை இந்த வசந்தத்தில் தொடங்குகிறோம்.

விஷயம் இதுதான். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு, வார்த்தைகளை ராகம் போட்டு இழுத்துப் பாடச் சொல்லித் தருகிறோம். பாடிக்கொண்டே இடது கையால் தட்ட வேண்டும். ஆறு வாரப் பயிற்சி. பேச்சு இருக்கும் இடப்பக்க மூளை கெட்டுப்போனாலும், வலப்பக்கம் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. நோயாளியைக் காந்த ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, அரை நிமிஷம் பொருள்களின் படத்தைக் காட்டி மனதுக்குள் பெயர் சொல்லச் சொல்வோம். அடுத்த அரை நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். இப்படி ஆறு நிமிஷம். மூன்று விநாடிக்கு ஒரு தடவை மூளை படமாகும். பயிற்சிக்கு முன் ஒரு ஸ்கேன், பின் ஒரு ஸ்கேன். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது படங்கள். போதாதா?

இங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் கேட்கிற கேள்விக்கு அவர்கள் புரோகிராமின் பெயரைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். உனக்குத்தான் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கத் தெரியும்.

பீர் அண்ணனுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஜூன் மாதம் முதல் ஒவ்வொரு நோயாளியின் முகத்திலும் அவரைத்தான் பார்க்கிறேன்.

அன்புடன்,
தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.3.1997

அன்புத் தங்கத்துக்கு,

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது என்று நீ எழுதியதைப் படித்ததும் எங்கள் சூப்பர்வைசர் வீரணன் ஞாபகம்தான் வந்தது. புதுப் பஞ்சுக் கலவையில் நூல் பலமாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னால், கதவோரம் இருக்கிற ஒரே ஒரு நூற்பு மெஷினிலிருந்து நூறு பாபின் நூல் எடுத்துச் சோதித்துவிட்டு, "நூறு பாத்துட்டேன் மேடம், எல்லாம் பிரமாதம்" என்றார். நூறு பாபின் எடுத்தாலும் அவர் பார்த்தது ஒரு மெஷின். மில்லில் நாற்பது மெஷின் ஓடுகிறது. அந்த ஒன்று மட்டும் நல்ல மெஷினாக இருந்துவிட்டால்? இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. லண்டன் டாக்டருக்கு எத்தனை நாள் ஆகும் என்று பார்ப்போம்.

ஒரே ஆளை நூற்றிருபது தடவை படம் எடுத்தாலும் ஆள் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியில் ஒரே ஒரு எண்: பயிற்சிக்குப் பின் மூளை வேலை செய்த வேகத்திலிருந்து முன் இருந்ததைக் கழித்தது. உன்னிடம் இருப்பது எட்டு எண். அவற்றின் சராசரியை, அந்த எட்டும் தங்களுக்குள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதோடு ஒப்பிட வேண்டும். படங்களை எல்லாம் ஒரே குவியலாகக் கொட்டிக் கணக்குப் போடாதே.

இடத்தையும் முதலிலேயே குறித்து வை. மூளையை முப்பதாயிரம் கட்டமாகப் பிரிக்கிறீர்கள். இருபதில் ஒன்று தற்செயலாக மின்னலாம் என்று விட்டால் ஒன்றுமே நடக்காவிட்டாலும் ஆயிரத்தைந்நூறு கட்டம் மின்னும். மின்னிய இடத்தைக் காட்டி இதைத்தான் தேடினேன் என்று சொல்லக் கூடாது.

அப்புறம் மூன்றாவது ஸ்கேன் ஒன்று வேண்டும். முதல் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஆறு வாரம் எந்தப் பயிற்சியும் இல்லாமல் விட்டு மறுபடி எடு. அதற்குப் பிறகு பயிற்சி, பிறகு மூன்றாவது. பக்கவாதக்காரர்கள் தாமாகவும் தேறுகிறார்கள். இவருக்குக் கால் வந்தது எந்தப் பயிற்சியிலும் இல்லை. சும்மா இருந்த ஆறு வாரத்தையும் பயிற்சி ஆறு வாரத்தையும் அதே ஆளிடம் ஒப்பிட்டால்தான் பயிற்சி என்ன செய்தது என்று தெரியும்.

இதற்கெல்லாம் எனக்குச் சன்மானம் ஒன்று வேண்டும். அந்தப் பயிற்சியை அப்படியே தமிழில் எழுதி அனுப்பு. எது நிரூபணம், எது இல்லை என்று தெரிந்தவள்தான் கேட்கிறேன். கேள்வி கேட்காமல் அனுப்பு.

உன்
ஹாஜரா


லண்டன்
22.4.1997

ஹாஜராவுக்கு,

உன் கடிதத்தை இங்கிலீஷில் எழுதி என் தலைவரிடம் காட்டினேன். முதல் இரண்டுக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது ஸ்கேனுக்கு வழியில்லை. ஸ்கேனரில் எங்களுக்கு வாரத்தில் ஒரு மதியம்தான் கிடைக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

பயிற்சியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முதலில் "தண்ணி வேணும்", "வீட்டுக்குப் போவோம்" போன்ற சின்ன வாக்கியங்கள். மேலே ஏற்றிக் கீழே இறக்கிப் பாடு. அண்ணனின் இடது கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டு. தினம் அரை மணி நேரம். படத்துக்கு நீயே அட்டை வரைந்துகொள்.

உன்
தங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.7.1997

அன்புத் தங்கத்துக்கு,

உன் பயிற்சியும் நீயும். பத்து வாரமாகப் பாடுகிறேன். மில் பஸ் வந்து நின்றதும் முகத்தைக் கழுவிக்கொண்டு அட்டைகளோடு உட்கார்ந்துவிடுகிறேன். செம்பு, குடை, பூட்டு, பஸ் என்று அறுபது அட்டை. நான் வரைந்த ஆட்டைப் பார்த்து இவருக்குச் சிரிப்பு. அதன் பிறகு சிரிப்பு எதுவும் இல்லை. "தண்ணி வேணும்" என்று நான் நூறு தடவை பாடுகிறேன். இவர் எழுந்து போய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு வந்து உட்காருகிறார். போன வாரம் அட்டைகளை எல்லாம் அள்ளி முற்றத்தில் வீசிவிட்டார். மழை பெய்திருந்தது. அறுபதையும் மறுபடி வரைந்தேன்.

மாமி இப்போது என்னோடு பேசுகிறார். பேசாமலே இருந்திருக்கலாம். "அவனைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துற? ஆம்பளையைக் கையத் தட்டிப் பாடச் சொல்றது என்ன வைத்தியம்?" என்கிறார். தளவாய்புரத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. என் வைத்தியத்துக்கும் அவர் வைத்தியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், லண்டனில் எட்டுப் பேரைச் சோதிக்கிறார்கள், முடிவு வரட்டும் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

முடிவு எப்போது வரும்? ஆத்திரப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை. எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

உன்
ஹாஜரா


லண்டன்
8.9.1997

என் அருமை ஹாஜராவுக்கு,

வந்துவிட்டது. வலப்பக்கம், நாம் முன்கூட்டியே குறித்து வைத்த அதே இடம், திரையில் சிவப்பாக எரிகிறது. தற்செயலாக இப்படி வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை என்கிறது கம்ப்யூட்டர். தலைவர் அறைக்கு வந்து கை குலுக்கினார். அடுத்த ஜூன் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பப்போகிறோம், கட்டுரையும் தயாராகிறது. இரண்டாவது பெயர் யாருடையது தெரியுமா? ஹாஜரா பீர் முகமது, ராஜபாளையம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், எட்டு எண் என்று நீ சொன்ன முறையில் கடைசியில் செய்யவில்லை. படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத்தான் செய்தோம். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் பிழை ஒன்றும் கிடையாது. எட்டு எண்ணை வைத்துக்கொண்டு என்ன தெரியும் என்கிறார் தலைவர்.

மாமியிடம் சொல். அண்ணனிடம் சொல். பயிற்சியை விடாதே.

உன்
தங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.9.1997

தங்கம்,

இவரிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தின் கடைசி வரிகளைச் சரியாகப் படிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று மாலை தானாகவே அட்டைக் கட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

அந்த எட்டு எண்களை அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

ஹாஜரா


லண்டன்
9.10.1997

ஹாஜராவுக்கு,

நோயாளி வரிசைப்படி, பின் கழித்தல் முன்:

-0.2, 0.3, 0.1, -0.4, 4.1, 0.0, 0.5, 0.2

ஐந்தாவது ஆள் முப்பத்திரண்டு வயதுப் பெண். பக்கவாதம் வந்து இரண்டு மாதத்தில் எங்களிடம் வந்தாள். இப்போது நன்றாகப் பேசுகிறாள். நீ என்ன எழுதப்போகிறாய் என்று தெரியும். எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசி. அவள் பேசுகிறாள், ஹாஜரா.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.10.1997

அன்புத் தங்கத்துக்கு,

ஒரு நிமிஷம் இல்லை, நாலு நாள் யோசித்தேன். கணக்குப் போட ஐந்து நிமிஷம் ஆனது. மீதி நேரம் எல்லாம் அந்தக் கணக்கு தப்பாக இருக்காதா என்று தேடினேன்.

சராசரி 0.575. அதை, எட்டின் சிதறலிலிருந்து வருகிற அதன் பிழையால் வகுத்தால் 1.12. எட்டு ஆளுக்கு 2.36-ஐத் தாண்டினால்தான் பேச்சு. ஐந்தாவது ஆளை எடுத்துவிட்டுப் பார், மற்ற ஏழு பேருக்கும் சராசரி 0.07. ஒன்றுமே இல்லை. உன் திரையில் எரிந்த சிவப்பு மொத்தமும் அந்த ஒரு பெண். அவளுடைய படங்களைக் குவியலில் கொட்டி எட்டுப் பேருடைய நெருப்பாகக் காட்டியிருக்கிறது உன் புரோகிராம். புரோகிராமில் பிழை கிடையாது. அந்த எட்டுப் பேரின் இத்தனை படங்களில் என்ன இருக்கிறது என்று அதைக் கேட்டாய், அது சொன்னது. ஒன்பதாவது ஆளுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பவர் ஒன்பதாவது ஆள்.

அந்தப் பெண்ணும் பயிற்சியால்தான் பேசினாளா? பக்கவாதம் வந்து இரண்டே மாதம். சும்மா விட்டிருந்தாலும் பேசியிருப்பாளோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்றாவது ஸ்கேன் கேட்டேன்.

இந்த முடிவு உண்மையாக இருக்க வேண்டும் என்று உன்னைவிட நான் ஆசைப்படுகிறேன். தினமும் ஆசைப்படுகிறேன். ஆனால் தளவாய்புரத்து வைத்தியரைப் பற்றி மாமியிடம் கேட்ட கேள்வியை உன்னிடம் கேட்காமல் விட்டால் நான் என்ன மனுஷி? எட்டுப் பேரில் எத்தனை பேர், தங்கம்?

கட்டுரை அப்படியே போவதென்றால் என் பெயரை எடுத்துவிடு.

உன்
ஹாஜரா


லண்டன்
15.11.1997

ஹாஜராவுக்கு,

பெயரை எடுத்தாகிவிட்டது. மூன்று வருஷ உழைப்பை நாட்டு வைத்தியரின் மருந்தோடு சேர்த்துவிட்டாய். அடுத்த வருஷம் என் ஒப்பந்தம் முடிகிறது என்பதும், கையில் ஒரு முடிவு இல்லாமல் போனால் அது நீளாது என்பதும் உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை. மூளை விஷயத்தை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ மில்லில் நூலை எண்ணிக்கொண்டிரு.

தங்கபாய்


லண்டன்
30.8.1998

ஹாஜராவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிப்பாயோ மாட்டாயோ தெரியவில்லை. ஒன்பது மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. பதில் எழுதும்படி நானும் எழுதவில்லை.

ஜூன் மாநாட்டில் பேசினேன். சிவப்புப் படத்தைக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்து வயதான ஒரு அம்மாள் எழுந்து, எட்டு நோயாளிகளில் எத்தனை பேரிடம் இதைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. சொல்வதற்கு நல்ல பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன. தலைவர் முன் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருவரிடம்" என்று சொன்னேன். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

உனக்குச் சொல்லாத இன்னொன்று. ஜனவரியிலேயே நீ சொன்ன மூன்று ஸ்கேன் முறையில் வேறு ஆறு பேரை எடுக்கத் தொடங்கியிருந்தேன். இன்னொரு குழு தனக்கு வேண்டாம் என்று விட்ட ஸ்கேனர் நேரங்களைக் கெஞ்சி வாங்கினேன். நீ தப்பு என்று நிரூபிக்கத்தான் தொடங்கினேன். மே மாதமே முடிவு தெரிந்துவிட்டது. சும்மா இருந்த ஆறு வாரத்தில் என்ன மாறியதோ அதேதான் பயிற்சி ஆறு வாரத்திலும். ஆறு பேர் குறைவுதான், இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இருக்கிறது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மே மாதத்திலிருந்து இதை உனக்கு எழுத வேண்டும் என்று உட்காருவேன். அண்ணன் அட்டைக் கட்டை எடுத்து வந்து வைத்தார் என்று எழுதினாயே, அந்த வரி வந்து பேனாவைப் பிடித்துக்கொள்ளும்.

ஒப்பந்தம் நீளவில்லை. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டிருக்கிறேன். கடைசியாக எழுதிய கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாது. எந்த வரி என்று உனக்குத் தெரியும்.

தங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.9.1998

அன்புத் தங்கத்துக்கு,

பிரிக்காமல் இருப்பேனா? உனக்குப் பதிலாக நாலு கடிதம் எழுதினேன். நாலையும் தபாலில் போடவில்லை. போட்டிருந்தால் நீ இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய்.

அந்த வரி வலித்தது. இப்போதும் வலிக்கிறது. உன் ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்று எழுதினாயே, அதுவும் வலித்தது, அது உண்மை என்பதால். இரண்டுக்கும் நேரில்தான் சண்டை போட வேண்டும். தபாலில் போட்டால் ஒரு சண்டைக்கு இரண்டு வாரம் ஆகிறது.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த எட்டு எண்ணைக் கூட்டிக் கழித்து ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுதிவிட்டு, அன்றைக்கு மாலையும் அட்டைகளோடு உட்கார்ந்தேன். மறுநாளும். அதன் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. இவரிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. கணக்குத் தெரிந்தவள் செய்கிற காரியமா இது? மில்லில் வீரணன் இப்படிச் செய்தால் கிழித்து எறிந்திருப்பேன். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, தங்கம். நிறுத்தினால் அது இவருக்கு என்ன சொல்லும் என்று பயம்.

போன வியாழக்கிழமை மில்லில் ஒரு மெஷின் கோளாறு, எரிச்சலோடுதான் வந்தேன். அட்டையை எடுத்து "தண்ணி வேணும்" என்று ஆரம்பித்தேன். இவர் வரவில்லை. இடது கையைப் பிடித்துத் தட்டினேன். கையை இழுத்துக்கொண்டார். நான் விடாமல் மறுபடி பிடித்தேன். இவர் என் கை இரண்டையும் அட்டையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து, "போதும்" என்றார்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை. மாமி அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டார். இவருக்கு நெற்றி நரம்பு புடைத்திருந்தது. செத்த நேரம் கழித்து மறுபடி, "போதும், ஹாஜரா" என்றார். ராகம் எதுவும் இல்லை. சாதாரணமாகப் பேசுகிற குரல், அசல் கோபத்தோடு. இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கேட்காத குரல்.

அதன் பிறகு இன்றுவரை வேறு வார்த்தை வரவில்லை. "போதும்" மட்டும் வருகிறது. சோற்றுக்கும் சொல்கிறார், மாமியின் புலம்பலுக்கும் சொல்கிறார். மாமி, வைத்தியர் கைராசி என்கிறார். காதர், தான் தர்காவில் நேர்ந்துகொண்டதால் என்கிறார். நான் என்ன சொல்கிறேன் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள வழியும் கிடையாது, இவர் ஒரே ஆள். அது எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். அன்றைக்கே உண்மையையும் சொன்னேன்: லண்டனில் அது பலிக்கவில்லை, எனக்குப் போன வருஷமே தெரியும், சொல்லப் பயந்தேன் என்று. கேட்டுவிட்டு என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார். அட்டைகளை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

இப்போது மாலையில் அரை மணி நேரம் சும்மா உட்காருகிறோம். மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்கிறார்.

இதை எழுதுவதால் உன் எண்களில் எங்கேயும் சேர்த்துவிடாதே.

டிசம்பரில் மதுரைக்குப் போவதற்கு முன் நேராக இங்கே வா. வரும்போது ஸ்கேன் படம், பயிற்சித்தாள் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லண்டன் கதை எல்லாம் சொல். நீ ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டாய் என்று இவருக்குத் தெரியும். போதும் என்று சொன்னால் நிறுத்திவிடு.

உன்
ஹாஜரா